அடைக்கலமாக வந்த பூனை இறந்துபோனால்



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். "பாட்டாளிக்கு ஆயிரம் கவலை. இதில் பூனை செத்ததற்கு ஒரு பேச்சா?" என்று வானொலியை அடைக்கப் போனவர்களும் இருக்கலாம். அவர்களைக் கொஞ்சம் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஏனென்றால், அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று நாம் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

நாம் எடுத்துக்கொண்டிருப்பது சொந்தப் பூனையின் சாவைக்கூட அன்று. வேறொருவர் "கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுச் சென்ற பூனை; அல்லது சாக்கடை ஓரம் கிடந்ததை, நல்ல வீடு கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று எடுத்து வந்த பூனை. வரும்போதே நோயோடு வந்தது. நம்மால் ஆனதைச் செய்தோம். இறந்துவிட்டது. அப்போது மனத்தில் விழுகிற பாரம் எப்படிப்பட்டது, அதை எப்படிச் சுமப்பது என்பதே பொருள்.

நம் தோட்டங்களில் பூனை வந்தது செல்லத்துக்காக அன்று. லயத்து வீட்டில் அரிசி இருந்தது. அரிசி இருந்த இடத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் எலித் தொல்லை ஓயவில்லை. பழக்குலையை எலி கொறிக்காமலிருக்க நிர்வாகங்கள் நச்சு வைத்தன. பல தோட்டங்களில் மரப்பெட்டி கட்டிக் கூகைகளையும் வளர்த்தன. ஆனாலும் வீட்டுக்குள் காவல் இருந்தது பூனைதான். வால் நுனி முறுக்கிக்கொண்டோ, பாதி வாலோடோ இருக்கும் நம் நாட்டுப் பூனைகளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். யாரோ கதவிடுக்கில் நசுக்கிவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியன்று, இந்த வட்டாரத்துப் பூனைகள் பலவற்றுக்கு அது பிறவியிலேயே உள்ள அமைப்பு.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்திலும், பின்னாளில் தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போன காலத்திலும், குடும்பங்கள் லாரியில் சாமான் ஏற்றிப் புறப்பட்டன. அம்மியும் சாமிப் படமும் லாரியில் ஏறின. பூனை ஏறவில்லை. அடுக்குமாடி வீட்டில் அனுமதி இல்லை என்பார்கள்; வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பார்கள். அப்படி விடப்பட்டவற்றுக்குச் சோறு வைத்தவர்கள் பக்கத்து வீட்டார்தான். அடைக்கலப் பூனை என்பது பட்டணத்துப் புதுப் பழக்கமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. சாம்பல் உடம்பு, வெள்ளை மார்பு. காலையில் லயத்து வாசல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடக்கும். பெரட்டில் பெயர் வாசிக்கிற கிராணியார் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, கிராணி என்பதே அதற்குப் பெயராகிவிட்டது. விட்டுச் சென்ற குடும்பம் மூன்று மாதத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கிராணி எங்களோடு பதினாறு மாதம் இருந்தது. வந்து சில வாரங்களுக்குள் அது தண்ணீர்க் குவளையே கதியென்று கிடப்பதைக் கண்டோம். மூத்திரம் அதிகம், வாய் நாற்றம், முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. கால்நடை மருத்துவர் ரத்தம் பார்த்து, சிறுநீரகம் கெட்டுவிட்டது, குணமாகாது, ஆனால் கவனித்தால் சில காலம் நிம்மதியாக இருக்கும் என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டின் கடிகாரமே பூனையைச் சுற்றி ஓடியது. உப்பில்லாமல் அவித்த கெம்போங் மீன், முள் எடுத்துப் பிசைந்த சோறு. கருவாடும் நெத்திலியும் கூடாது. பிடரித் தோலைத் தூக்கி ஊசியால் நீர் ஏற்றுவதை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த வேலை. பிடித்துக்கொள்வது பாட்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய கை. ஆனாலும் ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "ஒன்னுமில்லடா கிராணி, ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு விடியற்காலையில், பாட்டியின் பழைய கைலித் துணிமேல் கிராணி இறந்துபோனது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்தார். நல்லவர்தான். "என்னா ஆத்தா, ஒரு பூனைக்குப் போயி இப்படி ஒக்காந்திருக்கீங்க? அதுவும் உங்க பூனைகூட இல்லையே" என்றார்.

நேயர்களே, இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு மனிதர் இறந்தால் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லயம் முழுதும் அடுப்பு அணைகிறது. பக்கத்து வீட்டிலிருந்து கோப்பி வருகிறது. தப்பு அடிக்கிறார்கள், ஒப்பாரி வைக்கிறார்கள், ஆண்கள் குழி வெட்டப் போகிறார்கள். பதினாறாம் நாள்வரை அந்த வீட்டாரைத் தனியே விடுவதில்லை. இவையெல்லாம் வெறும் சடங்கு என்று சிலர் பேசுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அழுவதற்கு ஓர் இடமும், அழுகைக்கு ஒரு கால அளவும், கூட அழ நாலு பேரும் வேண்டும் என்று கண்டறிந்த முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு அது. பூனைக்கு இவற்றில் ஒன்றுமில்லை. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று மண்டோர் கேட்டால், தூக்கமில்லை என்று பொய் சொல்ல வேண்டும்.

இப்படி, சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஊரார் ஏற்காததால் துக்கம் குறைவதில்லை; அது மறைந்துகொள்கிறது, மறைந்திருப்பதால் ஆறுவதற்குத் தாமதமாகிறது என்பதே அதன் சாரம். வளர்ப்புப் பிராணியின் சாவையும் அந்த வகையில் சேர்த்துப் பேசுகிறார்கள். அடைக்கலப் பூனை என்றால் பூட்டு இரண்டாகிவிடுகிறது. பூனைக்காக அழக்கூடாது என்பது ஒன்று. பிறர் பூனைக்காக அழ உரிமையே இல்லை என்பது மற்றொன்று.

இது பலவீனர்களின் குணம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. சுமார் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்து நாட்டில் ஒரு வீட்டுப் பூனை தானாக இறந்தால் வீட்டிலுள்ளவர்கள் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். புருவமில்லாத முகத்தைப் பார்த்ததும் தெருவுக்கே தெரிந்துவிடும், இந்த வீட்டில் பூனை இறந்திருக்கிறது என்று. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் வழிவந்தவர்கள் என்று மேடையில் சொல்லிக்கொள்கிற நாம், ஒரு மூதாட்டி பூனைக்காக அழுவதைப் பார்த்துச் சிரிக்காமலாவது இருக்கலாம் அல்லவா?

நோயாளிப் பூனையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னொரு வேதனை உண்டு. சாவுக்குப் பிறகு கை சும்மா இருக்கிறது. ஆறு மணிக்கு மருந்து, ஏழு மணிக்கு மீன், இரவில் ஒருமுறை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது, இப்படி ஓடிய உடம்பு, ஒன்றுமில்லாத ஆறு மணியில் வந்து நிற்கிறது. பாட்டி இரண்டு வாரம்வரை மீனில் ஒரு துண்டை உப்புப் போடாமல் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எங்களில் யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. இப்படிச் செய்வது மூளைக் கோளாறு அன்று. பழக்கம் மனத்தைவிட மெதுவாகத்தான் செய்தியைப் புரிந்துகொள்ளும்.

இதனோடு வருவது, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று: நிம்மதி. இனி இரவில் எழ வேண்டாம், பாயைக் கழுவ வேண்டாம், மருந்துக் காசுக்கு மளிகைக் கணக்கைச் சுருக்க வேண்டாம் என்று உள்ளே ஒரு மூச்சு வெளிவருகிறது. வந்த மறு நொடியே, "சீ, நான் என்ன பிறவி!" என்று தன்னையே வெறுக்கத் தோன்றுகிறது. நீண்ட காலம் படுக்கையில் கிடந்த பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும். களைப்பு இறங்குகிறது, அவ்வளவுதான். சுமையை இறக்கி வைத்தவன் தோளைத் தடவிக்கொள்வதால், சுமந்த பொருள்மீது அன்பில்லை என்றாகிவிடுமா?

அடுத்தது குற்ற உணர்ச்சி. "முன்னமே கவனித்திருந்தால்?" "நான் வாங்காமல் வேறு யாராவது வாங்கியிருந்தால்?" இதற்கு ஆறுதல் வார்த்தையைவிட உண்மைச் செய்தி அதிகம் உதவும். பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. வேட்டையாடும் பிராணியாக இருந்தாலும், தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகவும் கூடியது அது. சோர்ந்திருப்பதைக் காட்டினால் ஆபத்து என்பது அதன் உடம்பில் ஊறியது. பூனை சாகும் இடத்தை யாருக்கும் காட்டாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். சிறுநீரகத்தில் பெரும்பகுதி கெட்ட பிறகே வெளியில் அடையாளம் தெரியும். பூனைகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் கிருமி ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அதைக் கண்டுபிடித்தார்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறொரு கிருமி 1986ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. இரண்டும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் பூனையின் உடம்பில் ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் இருக்கக்கூடியவை. உங்கள் வாசலுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பூனையின் கணக்கு எழுதப்பட்டிருக்கலாம். நீங்கள் கொடுத்தது, மீதியிருந்த நாட்களுக்கு ஒரு கூரை.

இந்த இடத்தில் எச்சரிக்கையாக ஒன்று சொல்லிவிடுகிறோம். பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரசித்தமோல் மருந்தைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை கொன்றுவிடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி மூச்சுத் திணறும். கோடாலித் தைலத்தையும் பூனைமேல் தடவக் கூடாது. அது தன்னை நக்கித் துடைத்துக்கொள்ளும் பிராணி; தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நச்சு தின்ற எலியைப் பிடித்துத் தின்றாலும் ஆபத்துத்தான். தோட்டத்தில் எலி மருந்து வைக்கும் நாட்களில் பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

மருத்துவர் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று சொல்லும் நிலையும் வரும். இது பலருக்கும் பெரிய தர்மசங்கடம். உயிரை எடுக்க நாம் யார் என்று சமயப் பற்றுள்ளவர்கள் தயங்குவது இயல்பு. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் நாம் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறோம். சாப்பிடுகிறதா, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறதா, உங்கள் குரலுக்குக் காதையாவது திருப்புகிறதா என்று பாருங்கள். மூன்றும் நின்று, மூச்சு விடவும் சிரமப்படுகிறதென்றால், காத்திருப்பது பூனைக்காகவா நமக்காகவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் சாக்கில் கட்டி ஆற்றில் விடுவதும், கட்டையால் அடித்து முடிப்பதும் கருணை ஆகாது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது, வதைப்பது குற்றம். கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். பூனைக்கு உரியவர் வேறொருவர் என்றால், முடிந்தவரை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "இப்படி ஒரு நிலை வந்தால் நான் முடிவு செய்யலாமா?" என்று பூனை நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு வைப்பது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

அந்தக் குடும்பத்துக்குச் செய்தி சொல்வது எளிதான வேலையன்று. எங்கள் வீட்டில் அதைப் பாட்டிதான் செய்தார். தொலைபேசியில் சுற்றி வளைக்காமல், "கிராணி இன்னிக்கு விடியக்காலம் செத்துப்போச்சு தாயி. வலியில்லாம போச்சு. எங்கே பொதைச்சிருக்கோம்னு வந்தா காட்றேன்" என்றார். அந்தப் பக்கத்தில் வெகு நேரம் பேச்சில்லை. பிறகு அழுகை. விட்டுச் சென்றவர்களை நாம் குறை சொல்லிப் பழகிவிட்டோம். வீடு இழந்து, ஊர் இழந்து, எட்டாவது மாடியில் ஒண்டியிருப்பவர்கள், பூனை தோட்டத்தில் இருக்கிறது என்ற எண்ணத்திலாவது தோட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து அந்த வீட்டுப் பெண் பேருந்து ஏறி வந்தாள். பாட்டியும் அவளும் கொல்லையில் பப்பாளி மரத்தடியில் நின்றார்கள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. திரும்பும்போது பாட்டி அவளுக்கு ஒரு பை முருங்கைக்கீரை பறித்துக் கொடுத்தார்.

பிள்ளைகளைப் பற்றி. பூனை இறந்ததைக் குழந்தையிடம் மறைக்க, "ஓடிப்போச்சு" என்றோ "தூங்குது" என்றோ சொல்வது நம் வழக்கம். ஓடிப்போனது என்றால் பிள்ளை தினமும் வாசலில் காத்திருக்கும். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்றும் எண்ணும். தூங்குகிறது என்றால், இரவில் தான் தூங்கவே பயப்படும் பிள்ளைகளும் உண்டு. "கிராணி இறந்துவிட்டது. உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி வராது" என்று சொல்லிவிடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை நாளைக்கும் அதே கேள்வியைக் கேட்கும். அதே பதிலைச் சொல்லுங்கள். அதற்குமேல் ஆன்மா, மறுபிறப்பு என்பதெல்லாம் உங்கள் வீட்டு நம்பிக்கைப்படி. புதைக்கும்போது பிள்ளை ஒரு பூ போட விரும்பினால் தடுக்க வேண்டாம்.

பகலில் தனியாக இருக்கும் வயதானவர்களைப் பிள்ளைகளைவிட அதிகம் கவனிக்க வேண்டும் என்பது நம் கருத்து. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, அந்த வீட்டில் பாட்டியோடு பேசிக்கொண்டிருந்த ஒரே உயிர் அதுவாக இருந்திருக்கலாம். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, வாரக்கணக்கில் மூலையில் கிடக்கிறார், அல்லது ஆண்பிள்ளையாக இருந்தால் சம்சுவில் இறங்கிவிட்டார் என்றால், அது பூனையின் துக்கம் மட்டுமன்று. முன்னே அழாமல் விட்ட பல சாவுகளும் சேர்ந்து வந்திருக்கின்றன. சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மனச்சோர்வுக்கு அங்கு வைத்தியம் உண்டு. சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம்.

இனி வேலைகள். கிணற்றுக்கும் நீரோடைக்கும் தள்ளி, மூன்றடி ஆழத்துக்குக் குறையாமல் குழி வெட்டுங்கள். மேலே கல் வையுங்கள். நாயும் உடும்பும் தோண்டும். ஊசி போட்டு முடித்த பூனையென்றால் இது இன்னும் முக்கியம். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தோண்டித் தின்ற பிராணியும் சாகும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் அது தேடும்; வழக்கமான இடத்தில் போய் முகர்ந்து பார்த்துக் கத்தும். சில நாளில் அடங்கிவிடும். ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒன்றும் தின்னாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். கொழுத்த பூனைக்கு அது இன்னும் சீக்கிரம்.

உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து பாட்டியின் மடியில் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலருக்கு அது மருந்து. சிலருக்கு அது அவமதிப்பு. இனிமேல் பூனையே வேண்டாம் என்று இப்போது சொல்வதையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் ஏழு மாதம் வெற்றுக் குவளை அலமாரியில் கவிழ்ந்தே இருந்தது. அதன் பிறகு ஒரு மழை நாளில் அதைக் கழுவி எடுத்தவரும் பாட்டிதான்.

குவளையைக் கழுவுவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இறந்த பூனைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு இரண்டொரு நாளில் முடிந்திருந்தால், அது பூனைகளுக்கு வரும் பார்வோ வகை நோயாக இருக்கலாம். அந்தக் கிருமி வெயிலிலும் மழையிலும் ஓராண்டுவரை சாகாமல் கிடக்கும். வெறும் சவர்க்காரத்துக்கு அடங்காது. கிளோராக்ஸ் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, தரையையும் பாத்திரத்தையும் முதலில் கழுவிவிட்டு, பிறகு இந்த நீரைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். துணிமணிகளை எரித்துவிடலாம். புதிதாக வரும் குட்டிக்குத் தடுப்பூசி போட்ட பின்னரே வீட்டுக்குள் விடுங்கள். மாவட்டக் கால்நடை சேவைத் துறை அலுவலகத்தில் விசாரித்தால் எங்கே போடலாம் என்று சொல்வார்கள்.